அறியப்பட்ட சிக்கல்கள்

ஒடிசாவின் மலைக்கிராமங்களில் ஜுவாங் மொழியைப் பதிவுசெய்து திரும்பிய ஆய்வு மாணவி ஒருவர், நாற்பது மணி நேர ஒலிப்பதிவைத் துறையின் பொதுச் சேமிப்பகத்தில் நகலெடுத்தார். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி. திரையில் 900 ஜிபிக்கு மேல் காலியிடம் தெரிந்தது. நகலெடுப்பு முடிந்தது என்ற செய்தியும் வந்தது. மறுநாள் பயணத்துக்காக நினைவட்டையை அழித்தார். அடுத்த வாரம் கோப்புகளைத் திறந்தபோது கடைசி ஒன்பதின் அளவு பூஜ்யம் பைட்டு. அவற்றில் ஒன்று, ஒரு மூதாட்டி ஒரு மாலை முழுவதும் சொன்ன நெடுங்கதை.

திரை பொய் சொல்லவில்லை. அது சொன்னதன் பொருள் வேறாக இருந்தது.

சேமிப்பக மெய்நிகராக்கம் பல வட்டுகளை ஒரே குளமாக்கி, அதிலிருந்து மெய்நிகர்த் தொகுதிகளைப் பகிர்ந்தளிக்கிறது. லினக்ஸின் எல்விஎம் மென்பொருளில் ‘தின் ப்ரொவிஷனிங்’ என்றொரு முறை உண்டு. அந்தத் துறையில் ஐந்து ஆய்வகங்களுக்குத் தலா 2 டிபி வழங்கப்பட்டிருந்தது. குளத்தில் இருந்ததோ 4 டிபி மட்டுமே. எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் தரப்பட்ட வாக்கு அது. வாக்களிப்பதும் ஒரு செயலே என்பதை ஆஸ்டினைப் படித்த மொழியியல் மாணவர் அறிவார். அந்தச் செயல் எந்தச் சூழலில் பிழைபடும் என்பதையும் அறிவார்.

குளம் நிரம்பினால், இயல்பு அமைப்பில் எல்விஎம் 60 விநாடிகள் எழுத்துகளை நிறுத்திவைத்துக் காத்திருக்கும்; பிறகு பிழையென்று திருப்பிவிடும். ஆனால் நகலெடுக்கும் கட்டளை, தரவு நினைவகத்தை அடைந்ததுமே பணி முடிந்ததாகக் கருதிவிடுகிறது. வட்டில் எழுதும் வேலை பின்னால் நடக்கிறது. இங்கே அது நடக்கவே இல்லை.

இவற்றுள் எதுவும் புதிதன்று, கையேடுகளில் உள்ளவையே. குளம் தானாக விரிவடையும் வரம்பு இயல்பாக 100 என்று வைக்கப்பட்டிருக்கும். அதன் பொருள் ‘ஒருபோதும் விரியாதே’ என்பதாகும். அதை 80 என்று மாற்றலாம். ஆனால் விரிவதற்கு உதிரி வட்டிடம் வேண்டும். கோப்புகளை நீக்கினாலும் குளத்துக்கு இடம் தானாகத் திரும்புவதில்லை. மேலே அழிக்கப்பட்டது கீழே தெரிவதில்லை. ‘எஃப்எஸ்ட்ரிம்’ கட்டளையை அவ்வப்போது இயக்க வேண்டும். எந்தத் துண்டு எங்கே உள்ளது என்ற குறிப்புகளுக்குத் தனியிடம் உண்டு. தரவுக்கு முன்பே அதுவும் நிரம்பக்கூடும். எனவே இரண்டு விழுக்காடுகளையும் கண்காணிக்க வேண்டும். ஸ்னாப்ஷாட் அதே குளத்தில் வாழ்வதால் அது காப்புநகல் ஆகாது.

மென்பொருள் ஆவணங்கள் இவற்றை ‘அறியப்பட்ட சிக்கல்கள்’ என்னும் தலைப்பின்கீழ்த் தொகுக்கின்றன. செயப்பாட்டு வினை கருத்தாவை மறைத்துவிடுகிறது. யாரால் அறியப்பட்டவை? கட்டடம் முழுவதற்கும் ஒருவராக இருந்த ஒப்பந்தப் பணியாளர் அறிந்திருந்தார். கூடுதல் வட்டு வேண்டி இரண்டு முறை கடிதம் எழுதியிருந்தார். கோப்பு மேசைவிட்டு மேசை நகர்ந்துகொண்டிருந்தது. ஐந்து ஆய்வகங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அவரிடம் அறிவிருந்தது, அதிகாரமில்லை. மாணவியிடம் தரவிருந்தது, அந்த அறிவில்லை.

மாணவி மீண்டும் அந்த ஊருக்குச் சென்றார். “சொன்னதையே ஏன் மறுபடி கேட்கிறாய்?” என்று மூதாட்டி சிரித்தார். கதை இம்முறை பாதியாகச் சுருங்கியிருந்தது. முதல் முறை கேட்டு, குறிப்பேட்டில் ஒரு கேள்விக்குறியுடன் எழுதிவைத்திருந்த ஒரு வினை வடிவம் இரண்டாம் பதிவில் இல்லை. ஆய்வேட்டில் அதைச் சான்றாகக் காட்ட அவருக்கு வழியில்லை. அடிக்குறிப்பாக மட்டும் விட்டுவைத்தார்.

இப்போது ஆய்வகக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. பணியாளரும் மாணவியும் சேர்ந்து எழுதியது. நகலெடுத்தபின் வட்டில் எழுதி முடிக்கும் ‘சிங்க்’ கட்டளையை இயக்குக. மூலத்தையும் நகலையும் செக்சம் கொண்டு ஒப்பிடுக. வேறு கட்டடத்தில் இன்னொரு நகல் வைக்குக. அதுவரை நினைவட்டையை அழிக்காதே. தாளின் அடியில், குளத்தின் அன்றைய நிரம்பல் விழுக்காட்டைத் திங்கள்தோறும் பணியாளர் பென்சிலால் எழுதிவைக்கிறார்.