தண்ணீரில் போட்ட கோலம்

புதுச்சேரிக்குக் குடும்பத்தோடு போகிறவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான். கடற்கரை காந்தி சிலை, மணக்குள விநாயகர், மஞ்சள் சுவருக்கு முன்னால் நாலு படம், சுண்ணாம்பாற்றில் படகு. நாங்களும் அதே பட்டியலோடுதான் கிளம்பினோம். நான், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன், 72 வயது அம்மா.

அம்மா கோலம் போடுவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. கை நடுக்கம். புள்ளி நேராக வைக்கிறாள், இழை இழுக்கும்போது மாவு தடம் மாறிவிடுகிறது. மார்கழியில்கூட வாசலில் ஸ்டிக்கர் கோலம்தான். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. புதுச்சேரியில் தமிழர் தெருக்கள் வழியாக நடந்தபோது, ஒவ்வொரு வாசலிலும் அம்மா ஒரு விநாடி நின்று நின்று வந்தாள்.

மூன்றாவது நாள், பட்டியலில் இல்லாத ஓர் இடத்துக்குப் போனோம். நகரத்தின் வடக்கு ஓரத்தில், எஸ்.வி. படேல் சாலையில், ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் காகிதம் செய்யும் கூடம். 1959இல் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது அப்போது. இங்கே மரத்தை வெட்டிக் கூழாக்குவதில்லை. பருத்தித் துணிக் கழிவை அரைத்து, கூழைச் சல்லடைச் சட்டத்தில் அள்ளி, அழுத்தி, உலர்த்துகிறார்கள். அதுவே பார்க்க வேண்டிய வேலைதான். ஆனால் எங்களை நிறுத்தி வைத்தது வேறொன்று.

பெரிய தட்டையான தொட்டி. அதில் கஞ்சி மாதிரி கொஞ்சம் கெட்டியான தண்ணீர். ஒரு பெண் தூரிகையை உதறுகிறார். நீலச் சொட்டு விழுந்ததும் உள்ளே போகவில்லை, மேலேயே வட்டமாக விரிகிறது. அதன்மேல் சிவப்பு. அது நீலத்தைத் தள்ளிக்கொண்டு தனக்கு இடம் பிடிக்கிறது. இரண்டும் கலக்கவில்லை. பிறகு சீப்பு மாதிரி ஒன்றை இழுக்கிறார். வட்டங்கள் எல்லாம் மயில் தோகை மாதிரி வளைகின்றன. ஒரு வெள்ளைத் தாளை மேலே படுக்க வைத்து எடுத்தால், தண்ணீரில் இருந்த அத்தனையும் தாளில். தொட்டியில் மிச்சமில்லை.

'மார்பிளிங்' என்று பெயர். பளிங்குக் கல்லின் கோடுகள் மாதிரி இருப்பதால். ஜப்பானில் இதற்குப் பல நூற்றாண்டுப் பழக்கம் உண்டு. துருக்கியின் 'எப்ரு' கலையை 2014இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

"கட்டுமரம் மிதக்கிற மாதிரிதானே?" என்றான் மகன். ஆர்க்கிமிடீஸைப் பரீட்சைக்குப் படித்த தைரியம். இல்லை. கட்டுமரம் பாதி முங்கித் தண்ணீரை ஒதுக்குகிறது, ஒதுங்கிய தண்ணீரின் எடை அதைத் தாங்குகிறது. (அந்தக் கட்டுமரத்தைத்தான் ஆங்கிலேயன் 'கேட்டமரான்' என்று எடுத்துப் போனான்.) இது அப்படியல்ல. இங்கே வேலை செய்வது தண்ணீரின் மேல்தோல்.

விடுதிக்குத் திரும்பியதும் டம்ளர் தண்ணீரில் காட்டினேன். இரும்பு, தண்ணீரைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு அடர்த்தி. குண்டூசியை டிஷ்யூ பேப்பர்த் துண்டின்மேல் வைத்து மெல்ல இறக்கினால், பேப்பர் ஊறி மூழ்கும், ஊசி நிற்கும். தண்ணீர்த் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருப்பவை. உள்ளே இருப்பதற்கு எல்லாப் பக்கமும் உறவு. மேல்பரப்பில் இருப்பதற்கு மேலே யாருமில்லை, அதனால் பக்கத்திலும் கீழேயும் இழுபடுகிறது. மேல்பரப்பு இழுத்துக் கட்டிய துணி மாதிரி ஆகிவிடுகிறது. பள்ளிப் புத்தகத்தில் இதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். 25 டிகிரி வெப்பத்தில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். அம்மாவின் வயது.

தொட்டியில் சாயம் ஏன் விரிகிறது என்பதும் இதில்தான் இருக்கிறது. சாயத்தில் இந்த இழுவையைக் குறைக்கும் பொருள் ஒன்றைக் கலப்பார்கள். அந்தக் காலத்தில் மாட்டின் பித்தநீர். சொட்டு விழுந்த இடத்தில் இழுவை குறைகிறது, சுற்றியிருக்கும் தண்ணீர் தன் பக்கம் இழுக்கிறது. சாயம் தானாக விரியவில்லை, வெளியிலிருந்து இழுக்கப்படுகிறது. தண்ணீரைக் கெட்டியாக்குவது, போட்ட உருவம் அலைந்து கலையாமலிருக்க. இதற்குப் பொதுவாகக் கடற்பாசிச் சாற்றைப் பயன்படுத்துகிறார்கள். தாளில் முன்கூட்டியே படிகாரம் தடவுவது, நிறம் பிடித்துக்கொள்ள.

இந்தத் தோலை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர்களில் ஒருவர் வீட்டில் பாத்திரம் கழுவிய பெண். ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கெல்ஸ். பெண்களைக் கல்லூரியில் சேர்க்காத காலம். எண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் தண்ணீரின் மேல்பரப்பு மாறுவதைக் கவனித்து, ஒரு தகரத் தொட்டியும் ஒரு பட்டனும் தராசும் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் அளந்தார். 1891இல் விஞ்ஞானி ராலேவுக்குக் கடிதம் எழுத, அவர் அதை 'நேச்சர்' இதழில் வரவைத்தார். நம் வீட்டுச் சமையலறைகளில் இப்படி எத்தனை பேர் கவனித்துவிட்டுச் சும்மா இருந்தார்களோ.

கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அம்மா வெகுநேரம் தொட்டியைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"ஏம்மா, கை நடுங்கினா கெட்டுப் போயிடுமா?"

"நடுங்கினா அதுவும் ஒரு டிசைன்தாம்மா. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு எப்படியும் வராது. சோப்புக் கையோட மட்டும் தொடக் கூடாது."

ஊருக்கு வந்ததும் பழைய பிளாஸ்டிக் ட்ரே, எனாமல் பெயிண்ட், கொஞ்சம் டர்பென்டைன் வாங்கினேன். வீட்டில் செய்ய இது சுலபம், வெறும் தண்ணீரே போதும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டோம், டர்பென்டைன் வாசனை தலைவலி தரும். அம்மா ஈர்க்குச்சியை வாங்கிக்கொண்டாள். கை நடுங்கியது. சிவப்பு வட்டத்தின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன அலைகளாக மடிந்தது, செம்பருத்தி இதழின் ஓரம் மாதிரி. தாளை எடுத்து வெயிலில் வைத்தோம். பேரன், "பாட்டி, இதை என் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போடப் போறேன்" என்றான். அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுத்த தாளை எடுத்துத் தயாராக வைத்தாள்.

இரண்டாவது தாளுக்கு முன் ட்ரேயைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். பெயிண்ட் சொட்டு இந்த முறை விரியவே இல்லை. ஓரிடத்தில் மிளகு மாதிரி உருண்டு நின்றது. இன்னொரு சொட்டு, அதுவும் அப்படியே. அம்மா தண்ணீரைக் குனிந்து பார்த்தாள், என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள்.

"ஏண்டி, சோப்புப் போட்டுக் கழுவினியா?"