அடைப்பு வீட்டு அட்வான்ஸ்

வீட்டுச் சொந்தக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் வருகிற வழக்குகளின் காரணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாடகைப் பாக்கி, உள்வாடகை, காலி செய்ய மறுப்பது, தண்ணீர் மோட்டார். மேற்கு மாம்பலத்தில் குடியிருந்த ஒரு கணக்கர் கொண்டுவந்த சங்கதி இவை எதிலும் சேரவில்லை. மாதம் 9,000 வாடகை, சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் 90,000. காலி செய்தபோது கைக்கு வந்தது 24,000. "ஒரு மாசம்கூட வாடகை தவறினதில்லை சார். எங்கம்மா செத்ததுக்கு எனக்கு அபராதமா?" என்றார்.

அவருடைய தாயாருக்கு எண்பது தாண்டிய வயது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான்காம் நாள் விடியற்காலையில் தன் கட்டிலிலேயே போய்விட்டார். அன்று அக்கம்பக்கத்தில் யாரும் குறை வைக்கவில்லை. மாடிப் போர்ஷன்காரர்கள் காபி போட்டுக் கொடுத்தார்கள், வந்த பெண்கள் உட்காரத் தங்கள் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். ஐஸ் பெட்டிக்கு ஒயர் இழுத்துக் கொடுத்ததும் அந்த வீட்டுப் பையன்தான். எடுத்த பிறகுதான் யாரோ பஞ்சாங்கத்தைப் புரட்டினார்கள். அவிட்டம்.

தனிஷ்டா பஞ்சமி என்று பஞ்சாங்கங்களில் ஒரு பட்டியல் உண்டு. அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால், இறந்த இடத்தை ஆறு மாதம் அடைத்துவைக்க வேண்டும். ரோகிணிக்கு நான்கு மாதம், கார்த்திகைக்கும் உத்திரத்துக்கும் மூன்று. சொந்த வீடென்றால் ஓர் அறையைப் பூட்டிவிட்டு மற்ற அறைகளில் காலம் தள்ளலாம். ஓர் அறையும் சமையற்கட்டும் உள்ள போர்ஷனில் எதைப் பூட்டுவது? மாடி வீட்டில் பெண் பார்க்க வருவதாக இருந்தது, அது தள்ளிப்போனது. படிக்கட்டு பொது, குழாய் பொது. காபி கொடுத்த அதே அம்மாள் குழாயடியில் இவர் மனைவியைக் கண்டால் குடத்தோடு திரும்பிப்போனாராம். பதின்மூன்றாம் நாள் காரியத்தை அந்த வீட்டில் செய்யவிடவில்லை. மண்டபத்துக்கு வாடகை கொடுத்துச் செய்துவிட்டு, அடுத்த மாதமே காலி செய்தார். புதிய வீடு தேடிய இடத்திலெல்லாம் தரகர்களின் முதல் கேள்வி, ஏன் காலி செய்கிறீர்கள் என்பதுதான்.

நான் நோட்டீஸ் அனுப்பினேன். பதில் நோட்டீஸில் கணக்கு பளிச்சென்று இருந்தது: அடைப்புக்கு ஆறு மாத வாடகை 54,000, பரிகார ஹோமத்துக்கும் வெள்ளையடிப்புக்கும் 12,000. கூடவே ஒரு புகைப்படம். தலைமாட்டில் ஏற்றிய விளக்கின் கரி, சுவரில் ஒரு சாண் உயரத்துக்குப் படிந்திருந்தது. சேதத்துக்கு அத்தாட்சியாம்! அதையெல்லாம்விட வீட்டுச் சொந்தக்கார அம்மாளை உறுத்தியது வேறொன்று. இறப்புச் சான்றிதழில் 'இறந்த இடம்' என்ற பகுதியில் தன் வீட்டுக் கதவு எண் ஏறிவிட்டது. வீட்டில் நிகழ்ந்த மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டியது குடும்பத் தலைவரின் பொறுப்பு, 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, அவர் வேறு எந்த முகவரியை எழுதுவார் என்று கேட்டுப் பார்த்தேன். அது அவர் காதில் ஏறவில்லை.

வழக்குப் போட்டோம். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. இருந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே கூடாது. ஊரே வாங்கியது, நீதிமன்றத்துக்கும் அது தெரியும். உரிமையியல் நீதிமன்றம், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பிவைத்தது.

அங்கே முதல் அமர்வைப் பஞ்சாங்கமே தின்றுவிட்டது. டாக்டர் எழுதிக்கொடுத்த நேரம் காலை 5.10. வாக்கியப்படி அதற்கு முன்பே அவிட்டம் பிறந்துவிட்டது. என் கட்சிக்காரர் வீட்டில் பார்ப்பதோ திருக்கணிதம். அதன்படி ஏழு மணி வரை திருவோணம், அடைப்பே கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒன்றை நீட்ட, நான் மற்றொன்றை நீட்ட, சமரசர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். எந்தப் பஞ்சாங்கம் சரி என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இந்த நாட்டில் எந்த நீதிமன்றத்துக்கு இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த அமர்வில் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுக்கு வந்தேன். குடியிருப்பவர் வீட்டை வாங்கிய நிலையிலேயே திருப்பித்தர வேண்டும், நியாயமான தேய்மானம் நீங்கலாக. விளக்குக் கரி தேய்மானம். ஒருவர் மூச்சு நின்றதில் சுவருக்கோ தரைக்கோ என்ன வந்துவிட்டது? அதே பிரிவின் முதல் உட்கூறு சொந்தக்காரருக்கும் ஒரு கடமை வைக்கிறது. குடிவருபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை ஏதும் வீட்டில் இருந்தால், அவரே அதைச் சொல்லிவிட வேண்டும். "இந்த மரணம் வீட்டுக்கு வந்த குறை என்றுதானே அம்மா நஷ்டஈடு கேட்கிறீர்கள்? அப்படியானால் இனி வருகிற ஒவ்வொரு குடித்தனக்காரரிடமும் சொல்லியாக வேண்டும். குறையில்லை என்றால் 66,000 எதற்கு?" எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துவிட்டார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

ஜப்பானில் இதற்கென்றே 2021-இல் அரசு வழிகாட்டுதல் வந்தது. வீட்டில் இயற்கையாக நேர்ந்த மரணத்தைப் பொதுவாகச் சொல்ல வேண்டியதில்லை என்றார்கள். கலிஃபோர்னியாவில் மூன்று ஆண்டுக்கு முந்திய மரணத்தைச் சொல்லாமல் விட்டதற்காக வழக்குப் போட முடியாது. நம் சட்டத்தில் இப்படி ஒரு வரியும் இல்லை. அதனால் பஞ்சாங்கமும் தரகரும் சொல்வதே சட்டமாக இருக்கிறது, அதன் செலவு வாடகைக்கு இருப்பவன் தலையில் விழுகிறது. சொந்த வீட்டில் செத்தவருக்கு யாரும் பில் போடுவதில்லை.

ஆனால் அந்த அம்மாளைப் பேராசைக்காரி என்று எழுத எனக்கு மனம் வராது. கணவரின் பி.எஃப். பணத்தில் கட்டிய போர்ஷன்கள் அவை. மருந்து, மின்கட்டணம் எல்லாம் அந்த வாடகையில்தான். பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் அட்வான்ஸ் பேசும் வரை வந்துவிட்டு, தெருமுனை இஸ்திரிக்காரரிடம் விசாரித்ததோடு திரும்பவில்லை. "நான் நம்பலைன்னாலும் வர்றவா நம்பறாளே சார்" என்றார். அதற்குச் சட்டப் புத்தகத்திலிருந்து என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மாத வாடகையும் வெள்ளையடிக்க 2,000-மும் வைத்துக்கொண்டு, 55,000-ஐ இரண்டு தவணையில் திருப்பித்தர ஒப்புக்கொண்டார்.

சில மாதம் கழித்து அவரே என் அலுவலகத்துக்கு வந்தார், புதிய வாடகை ஒப்பந்தம் எழுத. குடிவந்தவர்கள் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் மூன்று இளைஞர்கள். நான் சொன்னபடி விஷயத்தை அவர்களிடம் சொல்லிவிட்டாராம். "பேச்சிலர்னாலே எங்களுக்கு எவனும் வீடு தர்றதில்ல பாட்டி, இதெல்லாம் ஒரு மேட்டரா" என்றிருக்கிறார்கள். பழைய வாடகையைவிட 500 கூடுதலாகவே பேசி முடித்திருந்தார்.

அவர் கொண்டுவந்த குறிப்பின் கடைசி நிபந்தனை: படுத்த படுக்கையான நோயாளிகளை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. அதை அடித்துவிட்டேன். முணுமுணுத்தார், ஆனால் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு இதே நிபந்தனையோடு வேறு சொந்தக்காரர்களும் வந்திருக்கிறார்கள். அடித்துத்தான் கொடுக்கிறேன். சிலர் வேறு வக்கீலிடம் போய்ச் சேர்த்துக்கொள்கிறார்கள்.