கற்பிட்டிக் கரையில் ஒரு கருமணிச் சரம்

பாலாவிச் சந்தியில் கற்பிட்டி பஸ்ஸில் ஏறியபோது வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. களப்போரம் உப்பளங்கள். நுரைச்சோலையில் 2011 முதல் இயங்கும் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தூரத்திலேயே தெரிந்தது. தலவில் அன்னம்மாள் கோயில் திருவிழாக் காலமென்றால் பஸ்ஸில் நிற்கவும் இடமிராது. அன்று யன்னலோரமே கிடைத்தது.

மணி கோத்து விற்கும் ஒரு ராத்தாவைத்தான் பார்க்கப் போனேன். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் வந்து இறங்கியது இந்தக் கரையில்தான். ராத்தாவுக்கு அப்போது 11 வயது.

"உம்மாட காதுல, கழுத்துல கிடந்ததெல்லாம் கழட்டி வாங்கிட்டாங்க. இதை மட்டும் ஒருத்தரும் பார்க்கல்ல" என்று ஒரு சிறு டப்பாவைத் திறந்தார். கருமணிச் சரம். கண்ணாடிதானே, யாருக்கு வேண்டும்? நான் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண். என்ன சொல்வதென்று தெரியாமல் தேத்தண்ணியைக் குடித்தேன்.

அந்தச் சரத்தின் மணிகள் எங்கே செய்யப்பட்டவையோ. ஆனால் கண்ணாடி மணி இந்தக் கடலுக்குப் புதிதல்ல. புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டுக்குள் பொம்பரிப்பு இருக்கிறது. இரும்புக்கால மக்கள் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். 1970இல் அங்கே அகழ்ந்தவர்களில் விமலா பெக்லி என்ற பெண்மணியும் ஒருவர். அவரே 1989 முதல் 1992 வரை புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டிலும் அகழ்ந்தார். அரிக்கமேடு சிறு கண்ணாடி மணிகளுக்குப் பேர் போன ஊர். நம் பக்கத்தில் மாந்தைத் துறைமுகத்திலும் அதே வகை மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. அங்கே 1980இல் தொடங்கிய அகழ்வு, போரினால் 1984இல் நின்றுபோனது.

அந்த மணிகளைச் செய்த விதம் இன்றும் ஆந்திராவில், சிறீகாளத்திக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் உயிரோடிருக்கிறது. உருகிய கண்ணாடிக் கட்டியின் நடுவே துளை விட்டு, நீளமான குழாயாக இழுக்கிறார்கள். ஆறியதும் குறுணி குறுணியாய் நறுக்கி, சாம்பலோடு மறுபடி சூடாக்கினால் விளிம்பின் கூர் மழுங்கிவிடும். ரோமாபுரியில் 18ஆம் நூற்றாண்டில் கண்ணாடியை நூலாக இழுத்து, ஊசிமுனையளவு நறுக்கி, பதக்கங்களில் பூவும் பறவையுமாகப் பதித்தார்கள். அடிப்படை வேலை ஒன்றுதான்: இழுப்பது, நறுக்குவது.

ராத்தாவின் கணக்கு வேறு. மணியைக் கொழும்பு புறக்கோட்டையில் வாங்குகிறார். கோக்கும் கூலி மட்டுமே அவருக்கு மிச்சம். விலை ஏறினால் அதுவும் தேய்கிறது. "நாமே மணி செய்ய ஏலாதா?" என்று கேட்டார்.

காஸ் அடுப்புச் சுடரில் கண்ணாடிக் கம்பியை உருக்கிச் சுற்றும் முறையை நான் சொல்லவில்லை. கண்ணுக்குத் தனிக் கண்ணாடி, காற்றோட்டமான இடம், ஒரே இனக் கண்ணாடி எல்லாம் வேண்டும். இனம் மாறினால் ஆறும்போது வெடிக்கும். ஓலைக் குசினியில் அது கூடவே கூடாது.

கானா நாட்டுக் குரோபோ மக்களின் முறையைச் சொன்னேன். வெற்றுப் போத்தலை உடைத்துத் தூளாக்கி, களிமண் அச்சின் குழிகளில் நிரப்புவார்கள். நடுவில் மரவள்ளி இலைக்காம்பை நட்டுவைப்பார்கள். விறகுச் சூளையில் தூள் உருகி ஒட்டும். காம்பு எரிந்து துளையாகும். பிறகு மணலும் தண்ணீரும் விட்டுக் கல்லில் தேய்ப்பது. கண்ணாடித் தூள் நெஞ்சுக்குப் பொல்லாதது. இடிக்கும்போது மூக்கையும் வாயையும் நன்றாக மூடியாக வேண்டும், பிள்ளைகள் கிட்டே வரவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னேன். முதல் சூளையிலேயே நல்ல மணி வரும் என்று நினைக்கவும் வேண்டாம் என்றேன்.

ராத்தா ஒன்றும் பேசவில்லை. சரத்தை டப்பாவில் வைத்து மூடினார். மகள்தான் எழுந்து வேலியோரம் போய் ஒரு மரவள்ளிக் காம்பை ஒடித்து வந்து, ஊசியைப் பக்கத்தில் பிடித்துத் தடிப்புப் பார்த்தாள்.

"இது பெரிசும்மா. இளசு பார்க்கணும்."