சொல்லிக்கொண்டு போவோம்

நம் வீட்டுக்கு விருந்தினராய் வந்தவர் புறப்படும்போது "போகிறேன்" என்று சொல்லமாட்டார். "போய் வருகிறேன்" என்றே சொல்லுவார். மறுபடி வரப்போகிறாரோ இல்லையோ, வருவதாகச் சொல்லிய பின்னரே வாசற்படியைத் தாண்டவேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த மரபு. இதற்குச் 'சொல்லிக்கொள்ளுதல்' என்று பெயர். கல்யாணப் பந்தலிலிருந்து ஒருவர் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டால், அந்தக் குறையைப் பத்து ஆண்டு கழித்தும் பேசுகிற குடும்பங்களை நாம் அறிவோம். சாவு வீட்டில் மட்டுமே சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவது வழக்கம்.

பிள்ளைகள் கடல் கடந்து வாழும் இக்காலத்தில், பெற்றோரும் வீட்டை ஒழித்துவிட்டு அவர்களிடம் போய்ச் சேர்வது நம் பங்குகளில் புதிதன்று. பயணச்சீட்டு, அனுமதிச் சீட்டு, மருத்துவச் சோதனை என்று ஓடுகிற ஓட்டத்தில், உறவினருக்குத் தொலைபேசியில் இரண்டு வார்த்தை சொல்வதோடு விடைபெறுதல் முடிந்துவிடுகிறது. அப்படி முடித்துக்கொள்ள மனமில்லாத ஒரு தம்பதியரோடு நான்கு நாள் பயணம் செய்யும் பேறு எனக்குக் கிட்டியது. அந்தப் பயணத்தைப் பற்றியே வாசகர்களுக்கு எழுத விரும்புகிறேன்.

கணவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுபதை நெருங்குகிறவர். மனைவி அரசு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிந்தவர். ஒரே மகன் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டான். பெற்றோரும் அங்கே நிலையாகத் தங்க அனுமதி கிடைத்து, சேலத்து வீட்டை விற்க முன்பணமும் வாங்கியாயிற்று. காரையும் விற்குமுன் அதிலேயே ஏறி, சேலம் நாமக்கல் சமவெளியில் உள்ள உறவினர் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டு வருவது, வழியில் உள்ள இடங்களையும் கடைசியாக ஒருமுறை கண்ணாரக் காண்பது என்று திட்டம். "நீங்களும் வாருங்கள் சுவாமி, போகிற வீடுகளில் ஒரு ஜெபம் சொன்னால் போதும்" என்று அழைத்தார்கள். 2024 மே மாதம், கத்திரி வெயில் கொளுத்துகிற நாள்களில் புறப்பட்டோம்.

நீருக்குள் ஓர் ஊர்

சேலத்தில் குழந்தை இயேசு பேராலயத்தில் காலைத் திருப்பலி கண்டபின் ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூரை அடைந்தோம். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிக்கப்பட்ட அணை அது. 5,300 அடி நீளம், 120 அடி நீர்மட்டம், 93 டி.எம்.சி.க்கு மேல் கொள்ளளவு. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப்படுகிறது. தஞ்சைத் தரணியின் நெற்களஞ்சியம் இதன் மதகுகளை நம்பியே இருக்கிறது. ஆனால், கடைமடைக்காரர் உண்ணும் சோற்றுக்காக மேட்டில் இருந்தவர்கள் தங்கள் ஊர்களை நீருக்குக் கொடுத்தார்கள் என்பதை நாம் அடிக்கடி நினைப்பதில்லை.

அவ்வாண்டு அணையில் ஏறத்தாழ 50 அடித் தண்ணீரே இருந்தது. நீர் இவ்வளவு வற்றும்போது, கொளத்தூர்ச் சாலைக்கு அப்பால் பண்ணவாடிப் பரிசல் துறைப் பக்கம் இரண்டு காட்சிகள் வெளிப்படும். ஒன்று, ஜலகண்டேஸ்வரர் கோயிலின் பெரிய நந்தி. மற்றொன்று, நம்மவர்கள் கட்டி வழிபட்டுவந்த பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம். நீர் விட்டுச்சென்ற வண்டல் நிலத்தில் உழவர்கள் பயிர் வைக்கிறார்கள்; தண்ணீர் திரும்புமுன் அறுத்துக்கொள்கிறார்கள். வெடித்த சேற்று நிலத்தின் நடுவே அந்தக் கோபுரத்தைக் கண்டபோது மூவரும் சிறிது நேரம் பேசவில்லை.

அந்த அம்மாளுடைய சின்னம்மா கொளத்தூர்ப் பக்கம் வாழ்கிறார். மூழ்கிய ஊர்களில் ஒன்றுதான் அவர்களுடைய பூர்வீகம். கதவு நிலைகளையும் ஓடுகளையும் கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் கலைந்த கதையைத் தம் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவர். அவர் சொன்னது இது: "வண்டி பூட்டறதுக்கு முந்தின நாள் முழுக்க எங்க பாட்டி வீடு வீடாப் போயி சொல்லிக்கிட்டு வந்துச்சாம். 'எல்லாரும்தானே போறாங்க, யாருகிட்ட யாரு சொல்லிக்கிறது'ன்னு தாத்தா சிரிச்சாராம். 'எல்லாரும் வேற வேற ஊருக்குப் போறோம், அதுக்குத்தான் சொல்லிக்கணும்'னு பாட்டி சொல்லுச்சாம்." இதைக் கேட்ட ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

சக்கரங்களின் நாடு

மறுநாள் எடப்பாடி வழியே தெற்கே திரும்பினோம். விசைத்தறிகளின் ஓசை சாலைவரை கேட்டது. 1805-இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட சங்ககிரிக் கோட்டையைக் கீழிருந்தே வணங்கிவிட்டுச் சென்றோம். வெயில் ஏறிவிட்டதால் மலை ஏற இயலவில்லை.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் ஆகிய இம்மூன்று ஊர்களையும் சக்கரங்களின் நாடு என்றே சொல்லலாம். வானம் பார்த்த பூமியில் விளைச்சலை நம்பியிருக்க முடியாமல், இங்குள்ளோர் லாரியை நம்பினார்கள். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் வட இந்தியா வரை போகின்றன. நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூடு கட்டுகிறார்கள். கோழிப்பண்ணைகளின் முட்டை கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறது.

சங்ககிரியில் ஆசிரியரின் சித்தப்பா மகன் வீட்டில் மதிய உணவு. அவரும் அவருடைய இரு மக்களும் லாரி ஓட்டுகிறவர்கள். "ஆஸ்திரேலியாவா! நான் அசாமுக்குப் போனாலே உங்க கொழுந்தியா பத்து நாள் சரியாத் தூங்கமாட்டா" என்று அவர் நகைத்தார். அவருடைய மனைவி நகைக்கவில்லை. லாரி புறப்படும் ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று முன் கண்ணாடியில் சிலுவை அடையாளம் வரைந்த பின்னரே உள்ளே போவதாகவும், முப்பது ஆண்டுகளில் ஒருமுறையும் அதைத் தவறவிட்டதில்லை என்றும் சொன்னார். பிரிவைத் தொழிலாகவே கொண்ட குடும்பங்கள் அவை. பிரியத் தெரிந்ததால்தான் பிரியாமல் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

திருச்செங்கோட்டைக் கடக்கும்போது, ஆணும் பெண்ணும் பாதி பாதியாய் அமைந்த மலைக்கோயில் திருவுருவத்தைப் பற்றி ஆசிரியர் விளக்கத் தொடங்கினார். "பாதி பாதி என்பதெல்லாம் மலைமேல்தான் சுவாமி, சமையலறையில் முழுவதும் நானே" என்று அம்மாள் சொல்ல, கார் சிரிப்பால் நிறைந்தது. பிறகு அவர் கணவரைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அக்காவிடம் இன்றைக்காவது சொல்லிவிடுங்கள்" என்றார்.

அப்போதுதான் எனக்குச் செய்தி விளங்கியது. ஊரெல்லாம் அறிந்த பயணத்தை ஆசிரியர் தம் தமக்கையிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. தாயை இழந்த பத்து வயதுச் சிறுவனாயிருந்தவரை எடுத்து வளர்த்தவர் அவர். ஆசிரியப் பயிற்சிக்குத் தம் வளையல்களை விற்றுப் பணம் கட்டியவரும் அவரே. இப்போது எண்பதைக் கடந்தவர், கைம்பெண், காது மந்தமாதலால் தொலைபேசியில் பேசுவதில்லை.

காவிரிக் கரையில்

நாமக்கல்லில், ஊரின் நடுவே ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் ஒரே பாறையாக நிற்கும் மலையையும் அதன்மேல் உள்ள கோட்டையையும் கண்டோம். அடிவாரத்துப் பாறையைக் குடைந்து எட்டாம் நூற்றாண்டில் அமைத்த கோயில்களின் சிற்பத் திறன் வியக்கத்தக்கது. ஆசிரியர் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினார். 1930-ஆம் ஆண்டு வேதாரண்ய உப்பு யாத்திரைக்கு நடைப்பாட்டு எழுதித் தந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை 1888-இல் மோகனூரில் பிறந்தவர் என்பதையும், மோகனூர்ச் சர்க்கரை ஆலையைப் பற்றியும் வழிநெடுக விவரித்தார். சொல்லவேண்டியதைச் சொல்ல அஞ்சும் மனிதன் மற்ற எல்லாவற்றையும் சொல்லுகிறான்.

தமக்கையார் வீடு மோகனூருக்கு அருகே, காவிரிக் கரையில் உள்ள சிற்றூரில் இருக்கிறது. ஆறு மணற்பரப்பாய்க் கிடந்தது. நடுவில் ஒரு கோடாகத் தண்ணீர். தென்னை மர நிழலில் கட்டில் போட்டு எங்களை அமர்த்தி, மோர் கொடுத்தார். கோழிக் குழம்பும் கேழ்வரகுக் களியும் சமைத்து, தம் கையாலேயே பரிமாறினார். மாலை வந்தது, தம்பி பேச்சை எடுக்கவில்லை. இரவு ஜெபமாலை தொடங்குமுன் வழக்கம்போல் கருத்துகளைக் கேட்டேன். கிழவியார் கண்ணை மூடியபடியே, "தூர தேசம் போறவங்களுக்காக வேண்டிக்கங்க சாமி" என்றார்.

பேரன் எப்போதோ சொல்லியிருக்கிறான். ஐந்து காரணிக்கமும் முடியும்வரை ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. முடிந்ததும் ஆசிரியர் தமக்கையின் காலடியில், சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு மட்டும் ஏங்கண்ணு கடைசியில?" என்று கேட்டார் அவர்.

"உங்கிட்ட சொல்லிட்டா நான் போகமாட்டேன்னு பயம்க்கா."

நெடுநேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு மண்ணுப் போட நீ வரமுடியாது. அது எனக்குத் தெரியும். அதுக்கு நீ விசனப்படாதே. செத்த பொறவு வர்றவன் எங்கிட்டயா பேசப் போறான்? உசுரோட இருக்கையில வந்து சொன்னே பாரு, அது போதும். பெத்த புள்ளைகிட்டப் போறே, நல்லா இரு."

மறுநாள் காலை புறப்படும்போது தம்பியின் நெற்றியிலும் அவர் மனைவியின் நெற்றியிலும் சிலுவை வரைந்தார். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து, "அம்மணி, அந்த ஊர்க் கோயில்ல எனக்காக ஒரு மெழுகுத்திரி கொளுத்து" என்று அம்மாள் கையில் வைத்தார். அந்த நாணயம் அந்நாட்டில் செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. காரில் ஏறிய தம்பி வாய் தவறி "போறேன்க்கா" என்றார். "அப்படிச் சொல்லாதே" என்று அவர் அதட்டினார். "போய் வர்றேன்க்கா" என்று திருத்திச் சொன்ன பிறகே கார் நகர்ந்தது.

மலையடிவாரத்தில்

நான்காம் நாள் சேந்தமங்கலம். நம் விசுவாச வரலாற்றில் இவ்வூருக்கு இடம் உண்டு. 1605-இல் இந்தியாவுக்கு வந்த இயேசு சபைக் குரு தத்துவ போதகர் சுவாமிகள், 1623-இல் இங்கே வந்தபோது சிற்றரசர் இராமச்சந்திர நாயக்கர் அன்போடு வரவேற்றார். பெற்ற நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. 1656-இல் மயிலாப்பூரில் உயிர் நீத்தார்.

அங்கிருந்து பார்த்தால் வல்வில் ஓரியின் கொல்லிமலை நீலச் சுவராய் எழுந்து நிற்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறவேண்டும். அம்மாளின் உடல்நிலை இடம் தராததால் காரவள்ளி அடிவாரத்தோடு நின்றோம். அந்த மலையில் உழைத்த வேறொரு தம்பதியரைப் பற்றி அவர்களுக்குச் சொன்னேன். ஜெஸ்ஸி பிராண்டும் எவ்லின் அம்மையாரும் இங்கிலாந்திலிருந்து வந்த பாப்திஸ்து சபைப் பணியாளர்கள். 1913-இல் மணந்து கொல்லிமலையில் குடியேறி, மருந்தும் கல்வியும் கொண்டு சென்றார்கள். 1923-இல் ஒன்பது வயது மகன் பாலையும் அவனுடைய தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினார்கள். 1929-இல் தந்தை காய்ச்சலில் இறந்தார். மகன் அவரை மறுபடி காணவில்லை. அந்த மகனே பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகால்களைச் சீராக்கிப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட். தாயோ ஓய்வு பெற்ற பின்னும் மலைகளை விட்டுப் போக மறுத்து, 1974-இல் 95-ஆம் வயதில் மறைந்து, கொல்லிமலையில் கணவரின் அருகே அடக்கம் பெற்றார்.

"அவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்கு வந்தார்கள், நாங்கள் மலையை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் போகிறோம்" என்றார் அம்மாள். அவர் கண்கள் ஈரமாயிருந்தன, குரல் உறுதியாயிருந்தது. இராசிபுரம் வழியாகச் சேலம் வந்து சேர்ந்தோம். காரின் கணக்கில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர்.

ஜூலையில் அவர்கள் விமானம் ஏறினார்கள். அம்மாதம் கருநாடகத்தில் பெய்த பெருமழையால் காவிரி பெருகி, ஜூலை 30-இல் மேட்டூர் அணை 120 அடியை எட்டியது. கோபுரம் மறுபடி நீருக்குள் போயிற்று. மோகனூர் மணலும் மூழ்கியது. கிழவியார் பேரனைக் கூப்பிட்டு, தம்பிக்குச் செய்தி அனுப்பச் சொன்னாராம்: "மேட்டூர்த் தண்ணி வந்துடுச்சு."

அன்பார்ந்த குடும்பங்களே! புனித சின்னப்பர் எபேசு நகர் மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்து, இனி அவர்கள் தம் முகத்தைக் காணப்போவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார் என்று அப்போஸ்தலர் பணியில் வாசிக்கிறோம். அவர்கள் அழுதார்கள், கட்டித் தழுவினார்கள், கப்பல் வரை சென்று வழியனுப்பினார்கள். புனிதரும் பிரிவை மறைக்கவில்லை, கண்ணீருக்கு அஞ்சவில்லை. பிள்ளைகளோடு வாழப் போவது குற்றமன்று; போகாமல் இங்கேயே இருப்பது தனிப் புண்ணியமும் அன்று. ஆயினும் போகுமுன் ஒரு வாரம் ஒதுக்குங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து போங்கள். நமக்குச் சோறு போட்ட வீடு, நம்மோடு மனத்தாங்கல் உள்ள வீடு, படுக்கையில் கிடக்கும் பெரியவர் உள்ள வீடு என எதையும் விட்டுவிடாதீர்கள். எந்த வீட்டுக்குப் போக மனம் தயங்குகிறதோ, அந்த வீட்டுக்கு முதலில் போங்கள்.