வித்துக்கு விடுவது

சேவல் சேவலோடு சண்டை போடுவதை யாரும் கெட்ட குணம் என்று சொல்வதில்லை. ஆள்மேல் பாய்வதுதான் கெட்ட குணம். ராயபுரத்து மொட்டை மாடிகளில் சேவல் வளர்ப்பவர்களுக்கு இது விளக்கம் தேவைப்படாத விஷயம். நிறத்தை வைத்துக் காகம், மயில், வல்லூறு, கீரி என்று பெயர்களை அடுக்குகிறவர்கள், குணம் என்று வரும்போது சுருக்கமாகப் பேசுகிறார்கள். கையில் எடுத்தால் அடங்கி நிற்க வேண்டும். இறக்கி விட்டால் எதிரியைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதுதான் ஜாதிச் சேவலின் லட்சணம். அசீல் என்ற அரபுச் சொல்லுக்கே கலப்பில்லாத பூர்வீகம் என்றுதான் பொருள்.

எங்கள் தெருவில் உள்ள பெரியவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் கிளையில்தான் பென்ஷன் வாங்குகிறார். சேவற்கட்டுக்கு விடுகிறவர் அல்ல. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம் என்பது அவருக்குத் தெரியும். அதைவிட, தன் சேவல் அடிபடுவதைப் பார்க்க அவரால் முடியாது. வளர்ப்பது அழகுக்காக, வம்சத்துக்காக. அவரிடம் உள்ள கருஞ்சிவப்புச் சேவல், கழுத்தும் மார்பும் காலும் பார்க்கிறவனை நிறுத்தி வைக்கும். சென்ற மாதம் அது அவருடைய ஆறு வயசுப் பேத்தியின் முகத்தில் பாய்ந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே இரண்டு தையல். அரை அங்குலம் மேலே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"அடிச்சிப் போட்ரலாம்னு பொண்ணு சொல்லுது. அது வேற விஷயம். வித்து எடுக்கலாமா வேணாமா, நீ படிச்சவன், சொல்லு சார்" என்றார்.

ஆங்கில இலக்கியம் படித்தவனிடம் கேட்கிற கேள்வி அல்ல இது. ஆனால் விமர்சனம் எழுதுகிறவனிடம் கேட்கலாம் என்று பின்னால் தோன்றியது.

தெருவில் இரண்டு கட்சி. ஒன்று, கோபம் இல்லாமல் வீரம் இல்லை, பாய்கிற ரத்தம்தான் நிற்கிற ரத்தம் என்கிறது. இன்னொன்று, பயல்கள் குச்சியால் குத்திக் குத்திக் கெடுத்தது, சேவல் என்ன செய்யும் என்கிறது. முதல் கட்சியை அந்தத் தெருவின் அனுபவமே மறுக்கிறது: நல்ல சேவல்கள் பல, குழந்தை தூக்கினாலும் சும்மா இருக்கின்றன. எதிரியிடம் காட்டும் வேகமும் மனிதனிடம் காட்டும் வெறியும் ஒன்றையொன்று ஒட்டியே வரவேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது கட்சி சொல்வதில் நியாயம் உண்டு. பருவத்துக்கு வந்த சேவல் பெட்டைகளைக் காக்க எதன்மேலும் பாயும். சீண்டப்பட்டால் அது பழக்கமாகிவிடும். ஆனால் சுபாவம் முழுக்க வளர்ப்பு அல்ல. 1959இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் பெல்யாயெவ் தொடங்கிய நரிச் சோதனையில் ஒரே ஒரு அளவுகோல்தான் இருந்தது: கூண்டுக்குள் நீளும் மனிதக் கைக்கு நரி என்ன பதில் சொல்கிறது. சாதுவானவற்றை மட்டும் ஜோடி சேர்த்ததில் சில தலைமுறைகளிலேயே வாலாட்டும் நரிகள் பிறந்தன. பிறகு சீறுகிறவற்றையும் தனி வம்சமாகப் பெருக்கினார்கள். சீறும் வம்சத்துக் குட்டிகளைச் சாதுவான தாயிடம் விட்டு வளர்த்தும் அவை சீறின.

இதைவிட என்னைப் பாதித்தது அமெரிக்காவில், பர்டூ பல்கலைக்கழகத்தில், 1990களில் வில்லியம் ம்யூர் கோழிகளை வைத்துச் செய்தது. தனித்தனியே அதிகம் முட்டையிட்ட பெட்டைகளைப் பொறுக்கி வித்தெடுத்தால், சந்ததி ஒன்றையொன்று கொத்திக் கொன்றது. கூண்டு மொத்தமாக எது அதிகம் இட்டதோ அந்தக் கூண்டிலிருந்து வித்தெடுத்தால், கோழிகள் அமைதியாக இருந்தன, முட்டையும் கூடியது. அதாவது, தனியாகப் பார்க்கும்போது சிறப்பாகத் தெரிவது, பக்கத்தில் இருப்பதைக் கொத்தி வாங்கிய சிறப்பாக இருக்கலாம். சேவலின் உடம்பை மட்டும் நிறுத்திப் பார்ப்பதில் உள்ள கோளாறு இதுதான்.

குணம் சேவலிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குஞ்சுக்குப் பாதி பெட்டை வழி. சேவலின் வெறி பெட்டையின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாமலே இருந்து அவள் மகனிடம் வெளிப்படலாம். ஆகவே இந்தச் சேவலை ஒதுக்கிவிட்டு அதன் கூடப்பிறந்த பெட்டைகளை அடைக்கு வைத்தால் பிரச்னை தீர்ந்தது என்று நினைக்க முடியாது.

நம் மரபு சேவலின் சண்டையைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டையிட்ட ஒரு கோழிக்கு நடுகல் இருக்கிறது. சுமார் 1500 வருஷம் பழையது. கல்லில் கோழி எந்தச் சேரியைச் சேர்ந்தது என்று எழுதியிருக்கிறது. கோழி அங்கே ஊரின் மானம். குறுந்தொகையில் ஒரு புலவருக்குப் பெயரே குப்பைக்கோழியார். ஏவி விடவும் விலக்கி விடவும் ஆளில்லாமல் குப்பையில் தாமாகச் சண்டையிடும் கோழிகளை உவமையாக்கியதால் வந்த பெயர் அது. 1972இல் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் பாலித் தீவின் சேவற்சண்டையைப் பற்றி எழுதியபோது, களத்தில் மோதுவது சேவல்கள் அல்ல, மனிதர்களின் அந்தஸ்து என்றார். 2011இல் வந்த வெற்றிமாறனின் 'ஆடுகளம்' மதுரையில் அதையே காட்டியது: தன் பேச்சை மீறி வளர்ப்புப் பையன் ஜெயித்த ஜெயத்தை வாத்தியாரால் தாங்க முடியவில்லை. எங்கள் பெரியவரின் தயக்கமும் இந்த இடத்தில்தான். கிரேனிலிருந்து இறங்கிய பிறகு ஊர் அவரைக் கலந்துகொள்வது இந்த வம்சத்தைப் பற்றி மட்டும்தான். சேவலை விட்டுவிடு என்றால் எதை விடச் சொல்கிறோம் என்று சொல்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெல்யாயெவ் நரிகளைப் பொறுக்கத் தொடங்கிய அதே 1959இல்தான் சி.சு. செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கினார். தமிழில் விமர்சனத்துக்கு என்று ஒரு களம் அமைந்தது. அதன் பிறகு வந்த சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்களைப் படித்துத்தான் நான் எழுத வந்தேன். அவற்றில் சரிசமமானவர்கள் மோதிய சண்டைகள் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் நம் ரசனை இன்னும் வாரப்பத்திரிகைத் தளத்திலேயே நின்றிருக்கும். முதல் தொகுப்போடு வந்தவன் முகத்தில் பாய்ந்த பாய்ச்சல்களும் இருக்கின்றன. நாம் இரண்டையும் தீவிரம் என்ற ஒரே பெயரில் சேமித்து வைத்திருக்கிறோம். பின்னால் வருகிறவனுக்குக் கண்ணைவிட முள் சுலபமாகக் கைவருகிறது. காரணம் எளிது: கண்ணுக்குப் படிப்பு வேண்டும், முள்ளுக்கு வேண்டாம்.

வேண்டாம் நைனா என்றுதான் பெரியவரிடம் சொன்னேன். அவர் பாதி கேட்டார். சேவலைத் தனிக் கூண்டில் போட்டிருக்கிறார். அதற்கு முன்பே விழுந்த முட்டைகளில் நான்கைக் கரியால் குறியிட்டு வேறொரு கோழியின் கீழ் அடை வைத்துவிட்டார். பயல்கள் ஏறாத மாடியில் வளர்ப்பாராம். ஒரு வருஷம் கையில் எடுத்துப் பார்க்காமல் எந்தச் சேவலையும் வெளியே கொடுப்பதில்லையாம். குணம் வளர்ப்பா வம்சமா என்று தெரிந்துகொள்ள அவர் கண்ட வழி இது. வழி சரியானதுதான்.

ஆனாலும் என் ஆட்சேபம் அப்படியே இருக்கிறது. நாம் வித்தெடுப்பது நமக்காக அல்ல. இருபத்தொரு நாளில் பொரியும் குஞ்சு ஒரு வருஷத்தில் இன்னொரு வீட்டு மாடியில் நிற்கும். அங்கே நமக்கு முகம் தெரியாத ஒரு குழந்தை இருக்கும். வளர்ப்பவனுக்குத் தன் சேவலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரியும். அந்தக் குழந்தைக்குத் தெரியாது. தன் சேவலின் அழகை மதிப்பிடும்போது அந்த முகத்தையும் சேர்த்துப் பார்க்கிறவனே வித்தெடுக்கத் தகுந்தவன். பத்திரிகை நடத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.