லைனிங் துணி

வரி குறைந்தால் வேலை பெருகும் என்று யாராவது சொன்னால் எனக்கு 2019 செப்டம்பர்தான் ஞாபகம் வரும். லாரி விற்கவில்லை என்று அசோக் லேலண்டின் எண்ணூர் ஆலைக்கு அந்த மாதம் 16 வேலையில்லா நாட்கள். 20ஆம் தேதி நிர்மலா சீதாராமன், பிற சலுகைகளை விட்டுத்தரும் கம்பெனிகளுக்கு வரியை 22 சதவீதமாக இறக்கினார், அரசுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் குறையும் என்றார். அக்டோபரிலும் அந்தக் கம்பெனிக்கு வேலையில்லா நாட்கள். வாங்க ஆளில்லாத லாரியை யார் செய்வார்கள்?

கொடுங்கையூரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். வரி கட்டுமளவு எனக்கு வருமானமில்லை. துணி வந்தால்தான் ஆள் வைப்பேன். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வரத் தொடங்கியது. பணம் ஏறிய வாரம், லைனிங்கே வேண்டாம் என்றிருந்தவர்கள், "லைனிங் வெச்சே தைங்கக்கா" என்றார்கள். வீட்டில் யாரையும் கேட்காமல் எடுத்த முடிவு. (இதை இலவசம் என்பவர்கள் வரிச்சலுகையை அப்படிச் சொல்வதில்லை.)

தீபாவளிக்கு ஹூக் கட்ட, ஹெம்மிங் செய்ய எதிர்வீட்டுப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டேன். பொங்கலுக்குப் பிறகு அவளுக்குக் கொடுக்க வேலையில்லை; ஆயிரம் ரூபாய் அவ்வளவுதான் இழுக்கும். இப்போதும் 15ஆம் தேதி தாண்டினால் வாசலில் நின்று கேட்கிறாள்: "துணி ஏதாச்சும் வந்துச்சாக்கா?"