விசுவாசமா, விலையா?

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ புறப்படுகிற ஒருவரிடம், "ஐயா, தாங்கள் எந்த விமானக் கம்பெனியிடம் விசுவாசம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் நம்மைச் சற்றுப் பரிதாபத்துடன்தான் நோக்குவார். அவருடைய கவலைகள் வேறு. அவ்வூர் ரயில் நிலையம் எல்லா வண்டியும் நிற்கிற நிலையமன்று. புதுச்சேரி விமான நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது; ஆனால் அங்கிருந்து கடல் கடந்து செல்லும் விமானம் கிடையாது. சென்னைக்கோ திருச்சிக்கோ போயாக வேண்டும். விமானம் விடியற்காலை நான்கு மணிக்கு என்றால், முதல் நாள் மாலையே மூட்டை முடிச்சுகளுடன் பஸ் ஏற வேண்டும். டிக்கெட்டில் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து, திரும்பும்போது நடுநிசியில் வந்திறங்கி, அந்த இரண்டாயிரத்தையும் வாடகைக் கார்க்காரரிடம் கொடுப்பதில் என்ன லாபம்? இவ்வூராருக்குக் கட்டணமும் நேரமும் இரண்டல்ல, ஒன்றே.

கம்பெனிகளோ ஓயாமல் விசுவாசத்தைப் பற்றியே பேசுகின்றன. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி, பறந்த தூரத்துக்குக் கணக்கு வைத்து, அது சேர்ந்தால் இலவசப் பிரயாணம் என்னும் ஏற்பாட்டைத் தொடங்கியது. பிறகு உலகமெங்கும் அது பரவிவிட்டது. நம்மிடமும் அப்படி ஓர் அட்டை உண்டு. அதிலிருந்த புள்ளிகள் காலாவதியாகிவிட்டன என்று ஒரு நாள் மிக மரியாதையாகக் கடிதம் வந்தது! மாதக் கணக்கு வைத்திருப்போருக்கு மளிகைக் கடைக்காரர் ஒரு பிடி கற்கண்டு கூடப் போடுவார். அதை வியாபாரம் என்று இருவருமே அறிவர். விசுவாசம் என்று யாரும் பெயரிடுவதில்லை. மேலும், எவ்வளவு விசுவாசம் இருந்தால்தான் என்ன? 2012-ல் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியது; 2019-ல் ஜெட் ஏர்வேஸ் நின்றது.

பிரயாணச் சீட்டில் மெய்யான விசுவாசம் பரீட்சிக்கப்பட்டதும் நம் தமிழ்நாட்டில்தான். 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தினார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய். 1907-ல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதுவரை கோலோச்சிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி உடனே கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய் என்றது. வெள்ளைக்காரக் கம்பெனி அதன்மேல் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, இறங்கும்போது கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று பிள்ளையவர்களின் சரித்திரத்தை எழுதியோர் கூறுவர்.

அக்குடையைப் பெற்றவர்களைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. கொழும்புக்குக் கூலி வேலை தேடிச் சென்ற ஏழைக்கு ஒரு ரூபாய் சாமானியமன்று. ஆயினும், அந்த இலவசத்தின் உண்மையான விலையைக் கணக்கிட்டு, காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்களும் இருந்தார்களே, அவர்களுக்கு எந்தக் கம்பெனி புள்ளி கொடுத்தது? 1908-ல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. போட்டியில்லாத கடலில் குடை கொடுக்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.

இன்றைய ஆகாயத்தில் அந்நியன் நம்மை ஆளவில்லை. ஆதலால் அந்தப் பழைய விசுவாசத்தை எந்த விமானக் கம்பெனியும் நம்மிடம் கேட்க உரிமையில்லை. ஆனால் போட்டியைப் பற்றிய கவலை மட்டும் மாறவில்லை. உள்நாட்டில் பறப்பவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் இண்டிகோ ஒன்றிலேயே செல்கிறார்கள். 2025 டிசம்பரில் அதன் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, மற்ற விமானங்களில் கட்டணம் ஏறிய வேகத்தைக் கண்டு அரசாங்கமே உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது.

ஆகவே நேரமும் விலையும் ஏறக்குறைய ஒத்திருந்தால், நாம் சிறிய கம்பெனியின் டிக்கெட்டையே வாங்குகிறோம். நூறு இருநூறு ரூபாய் கூடினாலும் பாதகமில்லை. ஆயிரம் என்றால், நேயர்கள் மன்னிக்க வேண்டும், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான்.